எடை குறைந்த எஞ்சின்

படிக்கல்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் முட்டாள்கள் இல்லை, சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னது முழுவதையும், சொன்ன மாதிரியே செய்கிறவர்கள். அப்படியும் செய்ய ஆள் இருக்கும் என்று எதிர்பார்த்து இந்த உலகத்தில் யாரும் பேசுவதில்லை. அது அவர்கள் குற்றமா?

அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலை. அதனால் எண்ணுவதில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. எண்ணினால் தப்பு வரும், நிறுத்தால் தப்பு வராது என்பார்கள். பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஆயிரத்து எண்ணூறு கிலோ" என்று பதில் வரும்.

கல்யாணத்திலும் அப்படித்தான். நிச்சயத்தன்று மாப்பிள்ளையைத் தராசில் ஏற்றி, வந்த எடையை நிச்சயப் பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். கல்யாணத்தன்று தாலி கட்டும் முன் மறுபடி ஏற்றுவார்கள். பேசின எடை இருந்தால்தான் தாலி. அன்று பேசிய மாப்பிள்ளைதான் இன்று வந்திருக்கிறார் என்று வேறு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

இந்த ஊர் வெள்ளைச்சாமிக்கு முப்பத்தேழு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. புளியங்காட்டு உக்கிரபாண்டியின் மகள் பவுனுத்தாயி. உக்கிரபாண்டியும் எடைக்காரர்தான், புளி மண்டியில். நிச்சயத்தன்று வெள்ளைச்சாமி எழுபத்தொரு கிலோ இருநூறு இருந்தான். பெண்ணையும் நிறுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். பவுனுத்தாயி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது உக்கிரபாண்டி ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சொந்தமா காரு இருக்குன்னு சொன்னீங்க. சந்தோசம். அந்தக் கார்லயே வந்து எங்க ஊர்ல இறங்கணும். முகூர்த்தம் முடியுறதுக்குள்ள வந்து இறங்கலைன்னா, என் தங்கச்சி மகன் இருக்கான். அவனும் எழுபத்தொண்ணு இருநூறுதான்."

கார் இருந்தது உண்மைதான். வெள்ளைச்சாமியின் அப்பா விட்டுப்போனது. ஒன்பது வருடமாக வேப்பமரத்தடியில் நின்றது. பின் சீட்டில் கோழிகள் அடைகாத்து மூன்று தலைமுறை கண்டிருந்தன. வெள்ளைச்சாமிக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்ணும் போய்விட்டால் இனி எவன் தனக்குப் பெண் கொடுப்பான் என்று நினைத்து நினைத்து அழுதான். அவன் தாய்மாமன் ஆண்டியப்பன், மண்டியில் தலைமை எடைக்காரர், பக்கத்து ஊரிலிருந்து இன்னாசி மேஸ்திரியைக் கூட்டிவந்தார்.

இன்னாசி நல்ல மெக்கானிக். எஞ்சினை இறக்கிப் பலகை மேல் வைத்து, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை லேசாக நெகிழ்த்தி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலில் கறுப்பு அல்வா வந்தது.

"அண்ணே, ஒம்போது வருசத்து ஆயிலு காஞ்சு கசடாக் கெடக்கு. இதோட ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் செத்துரும். நான் தங்கச்சி மகளுக்கு மாதாகோயில்ல புதுநன்மைச் சடங்குன்னு ஊருக்குப் போறேன். வெள்ளிக்கிழமை நேரா கல்யாணத்துக்கு வந்துர்றேன். அதுக்குள்ள நீங்க மூணு வேலை செய்யணும். ஒண்ணு, பிரிச்சு உள்ள இருக்குற கசடு பூராத்தையும் வழிச்செடுத்துருங்க. ரெண்டு, மண்ணெண்ணெய்ல நல்லாக் கழுவி, நாம சாப்பிடுற தட்டு மாதிரி சுத்தமாக்கிருங்க. மூணு, எதை எங்க எடுத்தீங்களோ அதை அங்கயே வச்சு மாட்டிருங்க. ஒரு நட்டு குறைஞ்சாலும் வண்டி நகராது. புது ஆயில நான் வந்து ஊத்திக்கிறேன்."

ஆண்டியப்பனோடு இரண்டு பேர் இந்த வேலையில் இறங்கினார்கள். சுருளிவேல், கணக்குச் சீட்டு எழுதுகிறவன், யோசனைக்காரன் என்று பேர் வாங்கியவன். மொக்கராசு, மூட்டை தூக்குகிறவன், யோசனை இல்லாதவன் என்று பேர் வாங்கியவன். எனக்கு இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

முதல் வேலையாக எஞ்சினை மண்டிக்குத் தூக்கிப் போய் நிறுத்தார்கள்.

"சரக்கு வாங்கும்போது நிறுக்கலைன்னா, திருப்பிக் குடுக்கும்போது யாரு பொறுப்பு?" என்றார் ஆண்டியப்பன்.

நூற்றைம்பத்தாறு கிலோ நானூறு. சுருளிவேல் சீட்டில் எழுதி, ஆண்டியப்பன் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார்கள்.

கசடு வழிக்கும் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோசைத் திருப்பி, தேங்காய்ச் சிரட்டை, ஈர்க்குச்சி, கடைசியில் மொக்கராசுவின் சுண்டுவிரல் என்று எல்லாவற்றையும் விட்டுச் சுரண்டினார்கள். எடுத்த கசடை ஒரு பழைய எண்ணெய் டின்னில் போட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் வைத்தார்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்தார்கள். ஆயில் தொட்டி பளபளவென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

"மேஸ்திரி சொன்ன மாதிரி சாப்பிடுற தட்டு மாதிரி ஆயிருச்சா?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"பாத்தா அப்படித்தான் இருக்கு" என்றான் சுருளிவேல்.

"பாத்தாப் போதுமா? தட்டுன்னா அதுல சாப்பிட்டுல்ல பாக்கணும்?"

அது நியாயம்தான் என்று பட்டது. தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவித் தயிர்ச்சோறு போட்டார்கள். மொக்கராசு சாப்பிட்டான். மற்ற இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்படிடா இருக்கு?"

"உப்புக் கம்மிண்ணே."

"தட்டு எப்படிடா இருக்கு?"

"தட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்போதுதான் சுருளிவேல் ஒரு சந்தேகம் கிளப்பினான். "அண்ணே, இப்ப இது எச்சித் தட்டுல்ல? எச்சித் தட்டை எப்படி எஞ்சின்ல மாட்டுறது?"

மறுபடி கழுவினார்கள். கழுவினது சரியாகக் கழுவப்பட்டதா என்று எப்படித் தெரியும்? மறுபடி சோறு போட்டார்கள். மொக்கராசு மறுபடி சாப்பிட்டான். மறுபடி எச்சில். இப்படி ஐந்து தடவை நடந்தது. ஆறாவது தடவை வெள்ளைச்சாமி வீட்டில் சோறு தீர்ந்துவிட்டதால் சுத்தமாகிவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் எஞ்சினைப் பூட்டி முடித்தார்கள். ஒரு நட்டு மிச்சமில்லை, ஒரு வாஷர் மிச்சமில்லை. நீங்களும் நானுமாக இருந்தால் அதோடு காரில் தூக்கி வைத்திருப்போம். அவர்கள் மண்டிக்குத் தூக்கிப் போனார்கள்.

நூற்றைம்பத்திரண்டு கிலோ இருநூறு.

ஆண்டியப்பன் தராசை ஊதிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அதே எடை. நாலு கிலோ இருநூறு குறைச்சல். முப்பது வருடம் எடை போட்ட மனிதர், கால் கிலோ குறைந்தது என்று ஒருவரும் அவரைக் கை நீட்டிக் கேட்டதில்லை. அப்படியே தராசு மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நட்டு குறைஞ்சாலே நகராதுன்னாரு மேஸ்திரி" என்றார் மெதுவாக. "இங்க நாலு கிலோ நட்டுல்ல குறையுது."

"மாமா, அப்ப எனக்குக் கல்யாணம் இல்லையா?" என்று வெள்ளைச்சாமி விசும்பினான்.

தேடினார்கள். வேப்பமரத்தடி மண்ணைச் சலித்தார்கள். கோழிகளைத் தனித்தனியாக நிறுத்தார்கள். மொக்கராசு தொட்டியில் சாப்பிட்டபோது எதையாவது சேர்த்து விழுங்கியிருப்பானோ என்று அவனையும் தராசில் ஏற்றினார்கள். இரண்டு கிலோ ஏறித்தான் இருந்தான்.

"அது தயிர்ச்சோறுண்ணே" என்று சத்தியம் செய்தான்.

"மிச்ச ரெண்டு கிலோ இருநூறு எங்கடா?"

"அதையும் போட்டிருந்தா அதையும் தின்னிருப்பேன்."

சுருளிவேல் மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தான். மரத்துக்குப் பின்னால் போனவன் திடீரென்று கத்தினான். எல்லோரும் ஓடினார்கள். கையில் கசடு டின்.

"நிறுங்கண்ணே இதை!"

டின் எடையைக் கழித்து நிறுத்தார்கள். நாலு கிலோ இருநூறு. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

ஆண்டியப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "காணாமப் போன உருப்படி இதுதான்டா! இதை விட்டுட்டுப் பூட்டியிருக்கோம் பாரு!"

"ஆனா அண்ணே," என்றான் மொக்கராசு, "இதை எடுக்கச் சொல்லித்தானே மேஸ்திரி சொன்னாரு?"

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். ஆண்டியப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எடுக்கச் சொன்னாரு, எடுத்தோம். அது முதல் வேலை. எதை எங்க எடுத்தீங்களோ அங்கயே வைங்கன்னாரே, அது மூணாவது வேலை. நட்டை மட்டும் வைங்கன்னா சொன்னாரு? ரெண்டு வேலையைச் செஞ்சுட்டு மூணாவதை விட்டா நம்மள என்ன நினைப்பாரு?"

தொட்டியை மறுபடி கழற்றினார்கள். கசடை உருண்டை பிடித்து, எந்த உருண்டை எந்த மூலையிலிருந்து வந்தது என்று நினைவுபடுத்தி நினைவுபடுத்தி வைத்தார்கள். இடம் பற்றாமல் கடைசி இரண்டு கிலோவை மொக்கராசு முட்டியால் அழுத்தி அடைத்தான். நிறுத்தார்கள். நூற்றைம்பத்தாறு கிலோ நானூறு. வெள்ளைச்சாமி அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எஞ்சினைக் காரில் ஏற்றி, காருக்கு மஞ்சள் பூசி, மாப்பிள்ளைக்கு மாலை போட்டுப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். ஆண்டியப்பன் சாவியைத் திருகினார். "டிக்" என்றது. இன்னொரு தடவை திருகினார். மறுபடி அதே டிக்தான்.

"ஆயில் ஊத்தினாத்தான் கிளம்பும். எடை சரியா இருக்கு, பயமில்லை. அதுவரைக்கும் தள்ளுவோம்" என்றார்.

புளியங்காடு எட்டு மைல். ஐந்து மைல் தள்ளிவிட்டார்கள். ஆறாவது மைலில் மேடு வந்தது. கார் ஏறவில்லை. நின்று ஆலோசனை செய்தார்கள்.

"கனத்தைக் குறைக்கணும்" என்றார் ஆண்டியப்பன். "எதை இறக்கலாம்?"

"எஞ்சினை இறக்க முடியாது. எடை சரிபாத்து வச்சாச்சு" என்றான் சுருளிவேல்.

"கதவைக் கழட்டினா?"

"மாப்பிள்ளை எப்படிண்ணே கார்ல இருந்து இறங்குவாரு? கதவைத் திறந்துதானே இறங்கணும்?"

கடைசியில் கழற்றி இறக்கக்கூடிய உருப்படி மாப்பிள்ளை ஒருவர்தான் என்று தெரிந்தது. வெள்ளைச்சாமி இறங்கினான். சும்மா நடந்து வருவது அழகில்லை என்று அவனையும் தள்ளச் சொன்னார்கள். கல்யாண ஆசை யாரை விட்டது? மூன்று பேரைவிட அவன்தான் அதிகம் தள்ளினான். ஊர் எல்லைக்கு வந்ததும் மறுபடி ஏறிக்கொண்டான். பந்தல் வாசலில் கதவைத் திறந்து, மாலையோடு, முறைப்படி இறங்கினான். மேளம் கொட்டியது. முகூர்த்தம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது.

மணமேடைக்குப் பக்கத்தில் தராசு தயாராக இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் உக்கிரபாண்டி சொன்ன அந்தத் தங்கச்சி மகனும், பெண்ணுக்கு அத்தை மகன், தயாராக இருந்தான். காலையிலேயே குளித்துப் பட்டு வேட்டி கட்டி, சும்மாதான் வந்தேன் என்பது போல நின்றான். வெள்ளைச்சாமி தராசில் ஏறினான்.

"அறுபத்தொம்பது நானூறு" என்றார் உக்கிரபாண்டி. பத்திரத்தைப் பார்த்தார். "ஒண்ணு எண்ணூறு குறையுது சம்பந்தி."

மேட்டிலிருந்து ஊர் எல்லை வரை தள்ளியதில் அது வியர்வையாகச் சொட்டியிருந்தது. ஆண்டியப்பன் முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டு சொம்பு தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றது பந்தலில் ஒரு குரல்.

உக்கிரபாண்டி சீறினார். "தண்ணி கலந்து எடை காட்டுறதா? என் வீட்டுப் பந்தல்லயா? அந்தத் திருட்டு வேலை என்கிட்ட நடக்காது!"

ஆண்டியப்பனும் அதை ஒப்புக்கொண்டார். ஈர வெங்காயத்தை நிறுத்து ஏமாற்றுகிறவனை மனிதனாகவே மதிக்காதவர் அவர். அத்தை மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அரை அடி முன்னால் வந்தான். பவுனுத்தாயி மணையில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்தாள், வெள்ளைச்சாமியைப் பார்த்தாள். வெள்ளைச்சாமியின் கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. அதுவும் கீழே விழுந்தால் இன்னும் எடை குறையுமே என்று அவன் இமைக்காமல் நின்றதைப் பார்த்து அவளுக்கு மனது என்னவோ செய்தது.

"அப்பா, சும்மா இருங்க. அவங்க ஏதாவது வழி சொல்லட்டும்" என்றாள்.

சுருளிவேல் தொண்டையைச் செருமினான். "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா? உங்க மண்டியில ஒரு முதலாளிக்கு ரெண்டு குடோன் இருக்கு. ஒண்ணுல சரக்குக் குறைஞ்சா என்ன செய்வீங்க?"

"இன்னொண்ணுல இருந்து மாத்துவோம்."

"அது தப்பில்லையே?"

"அதுல என்ன தப்பு? முதலாளி ஒருத்தன்தானே."

"அப்ப, அந்தக் காரும் மாப்பிள்ளையோடது, இந்த உடம்பும் மாப்பிள்ளையோடது. அங்க இருக்குற சரக்குல ஒண்ணு எண்ணூறை இங்க மாத்திக்கிறோம்."

உக்கிரபாண்டி நெடுநேரம் யோசித்தார். மண்டி வழக்கப்படி அதில் ஓட்டை ஒன்றும் இல்லை. தலையாட்டினார்.

மொக்கராசு காருக்கு அடியில் படுத்து, ஆயில் தொட்டியைக் கழற்றினான். நட்டை எடுத்தால் வண்டி நகராது, ஆகவே கசடைத்தான் எடுத்தான். முட்டியால் அடைத்த மேல் பகுதி அலுங்காமல் வந்தது. தொட்டியை மறுபடி மாட்டிவிட்டான். வெள்ளைச்சாமி கையில் கொடுத்தார்கள்.

"கையில வச்சா அது அவரு தூக்குற சாமான் எடை. உடம்போட சேரணும்" என்றார் உக்கிரபாண்டி.

ஆகவே நலங்கு வைப்பது போல இரண்டு கன்னம், நெற்றி, மார்பு, முதுகு என்று முறையாகப் பூசினார்கள். பட்டுச் சட்டைக்கு மேலே பூசினால் சட்டை எடை ஆகிவிடும் என்று சட்டைக்கு உள்ளே பூசினார்கள். பூசப் பூச உக்கிரபாண்டி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுபத்தொண்ணு இருநூறு. நிப்பாட்டுங்க!"

"அப்பா, எடை சரியாயிருச்சுல்ல? தாலியைக் கட்டச் சொல்லுங்க" என்றாள் பவுனுத்தாயி. முகூர்த்தம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, இரண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்த வெள்ளைச்சாமி தாலி கட்டினான். அத்தை மகன் பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான்.

இன்னாசி மேஸ்திரி வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மாப்பிள்ளையை முகர்ந்து பார்த்தார். அது என்ன வாடை என்று அவருக்குத் தெரியும். நடந்ததை ஆண்டியப்பன் முதலிலிருந்து பெருமையாகச் சொன்னார். மேஸ்திரி உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"அண்ணே, வழி விடுங்க. மிச்சக் கசடையும் எடுத்துப் போட்டுட்டு ஆயிலை ஊத்துறேன்."

மூன்று பேரும் காருக்கு முன்னால் கை கோத்து நின்றுவிட்டார்கள்.

"ஏற்கெனவே ஒண்ணு எண்ணூறு குறைவா நிக்குது மேஸ்திரி. இன்னும் ஒரு கிராம் எடுத்தீங்க, நல்லா இருக்காது. ஆயில் வேணா ஊத்திக்கங்க. அது சாக்கு எடை மாதிரி, கணக்குல சேராது" என்றார் ஆண்டியப்பன்.

மேஸ்திரி கர்த்தரை நினைத்துக்கொண்டு ஆயிலை ஊற்றினார். "சரி, எடை குறைவா இருந்தா வண்டி நகராதுன்னு நீங்கதானே சொல்றீங்க? இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அதற்கும் சுருளிவேல் யோசனை வைத்திருந்தான். குறைந்த எடை எங்கே இருக்கிறது? மாப்பிள்ளை மேல். எங்கே இருக்க வேண்டும்? எஞ்சினில். வெள்ளைச்சாமியைத் தூக்கி, எஞ்சினுக்கு நேர் மேலே பானட்டில் உட்காரவைத்தார்கள்.

மேஸ்திரி வெறுத்துப்போய்ச் சாவியைத் திருகினார். கார் கிளம்பிவிட்டது.

அடைத்து நின்ற கசடு போன இடத்தில் எஞ்சின் சுற்ற வழி கிடைத்திருக்கும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. சொல்ல வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி?" என்றார் ஆண்டியப்பன், கண் கலங்க. "எடை சரியானதும் கிளம்பிருச்சு."

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு பந்திக்குப் போனார்.

படிக்கல்பட்டிக்கு ஊர்வலமாகத் திரும்பினார்கள். மாப்பிள்ளை பானட்டின் மேல், பெண் பின் சீட்டில். மூன்று மைல் வந்ததும் பவுனுத்தாயி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"பெரியப்பா, இவரு எப்பக் குளிப்பாரு?"

"குளிச்சா வண்டி நின்னுரும்மா" என்றார் ஆண்டியப்பன் அன்பாக.

அவள் தலையை உள்ளே இழுத்து, மறுபடி நீட்டினாள்.

"அப்ப இந்த வண்டியை வித்துருங்க."

காரை ஓரங்கட்டினார்கள். எஞ்சினை அணைக்காமல், மாப்பிள்ளையையும் இறக்காமல், மூன்று பேரும் புளியமரத்தடியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு ஆண்டியப்பன் ஜன்னலருகே வந்து, பெரிய மனிதருக்குரிய பொறுப்போடு சொன்னார்:

"விக்கலாம்மா, அதுல ஒண்ணுமில்லை. ஆனா வாங்குறவங்களுக்கு மாப்பிள்ளையையும் சேத்துல்ல குடுக்கணும்? எடை குறைஞ்ச சரக்கை வித்தோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."